பேதி மேட்டுக் கடுகு

நம் வயதில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காலை நீட்டச் சொல்கிறார்கள். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமுக்கி எடுத்து, விழுந்த குழி எழும்புகிறதா என்று பார்க்கிறார்கள். உங்களுக்கும் பார்த்திருப்பார்கள். சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறோம். குழி மட்டும் எல்லாருக்கும் பொதுச்சொத்து. போன மாதம் ஒரு சின்னப் பெண் டாக்டர் அப்படி அமுக்கியபோது நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "வலிக்குதா பாட்டி?" என்று பதறினாள். வலி ஒன்றுமில்லை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு முற்றத்தில் குடும்பமே காலை நீட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்துவிட்டது. அதை அவளிடம் சொன்னால் மாத்திரையைக் கூட்டி எழுதிவிடுவாள். உங்களிடம் சொல்லலாம்.

முதலில் செடியைச் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் பார்த்ததுதான், பெயர் தெரியாமல் கடந்து போயிருப்பீர்கள். முழங்கால் உயரம் வளரும். இலை சாம்பல் பூத்த பச்சை, நரம்பு ஓடுகிற இடமெல்லாம் வெள்ளை, ஓரமெல்லாம் முள். பூ மட்டும் கசக்கி விரித்த பட்டுத்துணி மாதிரி மஞ்சள். தண்டைக் கிள்ளினால் பாலும் மஞ்சளாகவே வரும். காயைச் சுற்றியும் முள். காய்ந்தால் நுனி பிளந்துகொள்ளும், உள்ளே கறுத்து உருண்ட பொடி விதை. பிரம்மதண்டு என்கிறார்கள், குடியோட்டிப் பூண்டு என்றும் ஒரு பெயர் உண்டாம். நம் நாட்டுச் செடியே இல்லை. மெக்சிகோ பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்தது. ஈரமும் நெல்லும் உள்ள இடத்தை எட்டிப் பார்க்காது. வெட்டிப் புரட்டிப் போட்ட மண், வறண்ட வாய்க்கால், பாதையோரம், சுடுகாடு, இப்படி யாருக்கும் வேண்டாத இடமாகப் பார்த்துக் குடியேறும். இத்தனையும் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்கள் ஊரில் அதற்கு ஒரு பெயரும் கிடையாது.

நாஞ்சில் நாடு என்றால் வயலும் தாமரைக் குளமும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். தோவாளையைத் தாண்டிக் கிழக்கே போகப்போக, ஆரல்வாய்மொழிக்கு முன்னாலேயே பச்சை வற்றிப்போகும். இரண்டு மலைக்கு நடுவே காற்று பிய்த்துக்கொண்டு வரும். எங்கள் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அப்பால் ஒரு மேடு இருந்தது. அப்பா பிறப்பதற்கு முன்னால் ஊரில் வாந்திபேதி வந்து, எரிக்க விறகும் தூக்க ஆளும் போதாமல், செத்தவர்களை அங்கே மொத்தமாகப் புதைத்தார்களாம். பேதி மேடு என்று பெயர். ஆட்டுக்காரர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

அந்த மேடு அப்பாவின் பங்கில் வந்தது. அப்பா பட்டாளத்துக்காரர். யுத்தத்தில் வடக்கே வங்காளம்வரை போய்விட்டு வந்தவர். பேய்க்குப் பயந்தால் மீசைக்கு என்ன மரியாதை? சுதந்திரம் கிட்டி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், ரேஷன் அரிசியும் மரச்சீனிக் கிழங்குமாக ஊரே வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த காலம். மேட்டை உழுது காணம், கொள்ளுதான், விதைத்தார். மழை ஏமாற்றிவிட்டது. காணம் கருகிப்போன இடத்தில் இந்தச் செடி கிளம்பியது.

தை மாதம் நானும் அண்ணனும் போய்ப் பார்த்தோம். மேடு முழுக்க மஞ்சள். சுற்றிலும் காய்ந்த தரை, நடுவில் அது மட்டும் மினுமினுத்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் வாய்க்காலைத் தாண்டவில்லை. செத்தவர்கள் எல்லாரும் தலையில் பூ வைத்துக்கொண்டு மண்ணுக்குள் படுத்திருக்கிறார்கள் என்று அண்ணன் வேறு சொல்லித் தொலைத்தான். பங்குனியில் காய்கள் காய்ந்தன. காற்று வீசும்போது மேட்டிலிருந்து கிலுகிலுவென்று சத்தம் வரும். வீட்டில் படுத்திருந்தாலும் கேட்கிற மாதிரி எனக்கு ஒரு பிரமை.

அப்பா ஒரு நாள் அந்தக் காயை உள்ளங்கையில் உதிர்த்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார்.

"ஏட்டி, இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"கடுகு மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா.

"மாதிரி என்ன மாதிரி? கடுகாக்கும் இது. வங்காளத்துல ரயில்ல போகச்சில ரெண்டு பக்கமும் பாத்தேன், கண்ணு எட்டுன மட்டும் மஞ்சப் பூவு. அவனுவ எண்ணெயே இதுலதான் ஆட்டுகான்."

அத்தை ஒரு விதையை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தாள். அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். மாமா இறந்தபிறகு, பிள்ளையும் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். "தம்பி, கடுகுச் செடிக்கு முள்ளு உண்டுமா?" என்று கேட்டாள்.

"ரயில்ல போறவன் முள்ளையா எண்ணிக்கிட்டிருப்பான்?" என்றார் அப்பா. எங்கள் ஊரில் அன்றைக்கு ரயிலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மறுத்துப் பேச யாருக்கு வாய் உண்டு?

ஓலைப்பாயை விரித்து, செடியைக் கம்பால் தட்டித் தட்டி விதை எடுத்தார்கள். வேலை செய்தவர்களின் கையெல்லாம் மஞ்சள் கறை. பிணத்தின்மேல் விளைந்தது வீட்டுக்கு ஆகாது என்று ஊரில் இரண்டு பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா சிரித்தார். செக்கில் கொடுத்து ஆட்டிவந்தபோது ஒரு பரணி, பெரிய பீங்கான் ஜாடி, நிறைய எண்ணெய் தேறியது. செக்கு மாட்டுக்குப் பிண்ணாக்கை வைத்தபோது அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அதைக்கூட அப்பா வேடிக்கையாகத்தான் சொன்னார், "பழகாத தீனில்லா" என்று. தேங்காயெண்ணெய்க்குத் தட்டுப்பாடான நாளில் காசில்லாமல் ஒரு பரணி எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

அந்தச் சித்திரையில் எனக்கு அம்மை போட்டது. கடுமையான அம்மை. பின்னறையில் வேப்பிலைமேல் கிடந்தேன், அத்தைதான் கூடவே இருந்தாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியுமே. எனக்குத் தலைக்குத் தண்ணீர் விடும்வரை பரணி திறக்காமல் இருந்தது. நான் பிழைப்பேனா என்று சந்தேகமான ஒரு நாளில் அத்தை மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் அடுத்த மாசிக் கொடைத் திருவிழாவரை எண்ணெய் தொடுவதில்லை, தலைக்கும் இல்லை, நாக்குக்கும் இல்லை.

நான் பிழைத்தேன். அம்மா புது எண்ணெயில் கடுகு தாளிக்கத் தொடங்கினாள். லேசான கசப்பு, அதனால் ஒரு கரண்டிக்குமேல் விடமாட்டாள். அத்தை பின்புறத்தில் தனியாகப் பயற்றங்கஞ்சி வைத்துக்கொண்டாள், சுட்ட பப்படமும் உப்பும் தொட்டுக்கொள்ள. எலும்பும் தோலுமாய் இருந்த எனக்கு வேறு எதுவும் இறங்கவில்லை. நானும் அந்தக் கஞ்சியையே குடித்தேன்.

முதலில் அண்ணனுக்கு வீங்கியது. இரண்டு பாதமும் பளபளவென்று, சிவந்து, எரிகிறது என்றான். அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நாங்கள் அதில் புளியங்கொட்டை வைத்து விளையாடினோம். அவன் காலில் ஒரே நேரத்தில் நாலைந்து கொட்டைகள் பொருந்தி உட்கார்ந்திருக்கும். சிரிப்புத் தாங்காது எங்களுக்கு. பெரியவர்கள் சிரிக்கவில்லை.

அப்புறம் அம்மாவுக்கு. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். "வெளக்கச் சுத்தி வளையம் தெரியுகு. வானவில்லு மாதிரி, நெறம் நெறமா" என்றாள். எங்களுக்கு வெறும் விளக்குதான் தெரிந்தது. அம்மன் காட்சி தருகிறாள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்து அம்மாவின் வீங்கிய காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். பிறகு வந்த நாட்களில் அம்மா விளக்கைப் பார்க்கவே பயந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசியாக அப்பா. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தார். நெருஞ்சில் கஷாயம் கொடுத்தார்கள். வடக்கே கால்வலிக்குக் கடுகெண்ணெயைச் சூடாக்கித் தேய்ப்பார்கள் என்று அப்பா சொல்ல, அந்தப் பரணி எண்ணெயையே காய்ச்சி எல்லாருக்கும் தேய்த்தார்கள். வீக்கம் முழங்காலைத் தாண்டியது.

ஆனி முடிகிற சமயம் காற்று முற்றிவிட்டது. எண்ணெய் காணாத அத்தையின் தலைமயிர் செம்பட்டை பாய்ந்து, எவ்வளவு இழுத்து முடிந்தாலும் பிய்ந்து பறக்கும். வாய்க்கால் பக்கம் அவள் குடத்தோடு வருவதைப் பார்த்து ஒரு பிள்ளை அலறிக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு அவள் போனால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும்.

வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிற மந்திரவாதி ஒருவரைக் கூட்டிவந்தார்கள். நல்ல வெயில். எல்லாரையும் முற்றத்தில் காலை நீட்டி உட்காரச் சொன்னார். அப்பா, அம்மா, அண்ணன் என்று ஒவ்வொருவராக அமுக்கினார். மூன்று பேருக்கும் குழி. அத்தையின் வறண்ட காலில் விரலை வைத்து அமுக்கி எடுத்தார். குழி விழவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு என் காலையும் அமுக்கிவிட்டு, அத்தையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். காற்று ஊளையிட்டது. அத்தை என் பாவாடையை இழுத்து என் காலை மூடினாள்.

"ஒரே கூரை, ஒரே கெணத்துத் தண்ணி. ஒருத்திக்கு மட்டும் ஏன் வரல்ல? பிள்ளைய அவ தனக்குன்னு எடுத்து வச்சிருக்கா" என்றார் மந்திரவாதி. ஆடி அமாவாசைக்குள் அவள் ஊர் எல்லையைத் தாண்டவேண்டும், இல்லையென்றால் இந்த வீட்டில் மூன்று பிணம் விழும் என்று சொல்லி, தட்சிணை வாங்கிக்கொண்டு போனார்.

அத்தைக்குப் போக்கிடம் கிடையாது. மாமா வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை. வேறு ஊரில் தூரத்துச் சொந்தத்தின் தொழுவம் ஒன்று காலியாக இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மாதான், மூச்சு வாங்க வாங்க, "அவ்வோ இருந்தா நான் எனக்க பிள்ளையளக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். கெட்டவள் இல்லை அம்மா. கண் மங்கிக்கொண்டிருந்தது, பெற்ற மகன் வீங்கிக் கிடந்தான், பயம் அவளைப் பேசவைத்தது.

மறுநாள் மத்தியானம் அத்தை அடுக்களைக்கு வந்து, கும்பாவில் சோறு போட்டு, அம்மா வைத்த குழம்பை ஊற்றினாள். பிறகு பரணியைச் சாய்த்துச் சிரட்டைக் கரண்டியால் எண்ணெயை எடுத்துச் சோற்றின்மேல் விட்டாள். அம்மா திடுக்கிட்டுப்போனாள்.

"மயினி! மண்டைக்காட்டம்மைக்க நேர்ச்சை?"

"நான் செய்யல்லன்னா எனக்கும் வரட்டும் பிள்ளே. உங்க கூட உண்ணுகேன், உங்க கூட கெடக்கேன். அம்மை என்னைய மன்னிச்சுக்கிடுவா. நீங்கதான் மன்னிக்க மாட்டிய."

அன்றிலிருந்து அப்படித்தான். வேளைக்கு ஒரு கரண்டி, பிறகு இரண்டு. சோறு வேறு, எண்ணெய் வேறாகத் தெரிகிற அளவுக்கு ஊற்றிக்கொள்வாள். நாங்கள் ஒருநாளும் எண்ணெயைச் சந்தேகப்படவில்லை, அவளும்தான். நேர்ச்சையை உடைக்கிறோம் என்பதற்கு அடையாளமாகவே அதை அப்படி ஊற்றினாள் என்று நினைக்கிறேன். எனக்கு மட்டும் தனியாகக் கஞ்சி காய்ச்சித் தந்தாள். "உனக்கு இன்னும் வயிறு ஆறல்ல மக்களே, கொஞ்ச நாளு பொறு" என்பாள். விடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து தன் காலைத் தானே அமுக்கிப் பார்ப்பாள். வீக்கம் இல்லை. கண்ணை மூடி என்னவோ முணுமுணுப்பாள். ஒரு மனுஷி நோய் கேட்டுச் சாமி கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் காலை வாசல்படியிலிருந்து கூப்பிட்டாள். குரலில் ஒரு துள்ளல். "தம்பி! வந்து பாரு லே! விழுந்திட்டு, குழி விழுந்திட்டு!"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அத்தை பெருவிரலை எடுத்தாள். ஒரு பட்டாணி உட்காருகிற அளவுக்குக் குழி, அது எழும்பவில்லை. அப்பா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். அம்மா நொண்டிக்கொண்டே வந்து அத்தையின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு, "மயினி, என்னைய மன்னிச்சிருங்க மயினி" என்று கதறினாள். அத்தை சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். நம்புங்கள், வீங்கிய கால்களோடு நாலு பேர் உட்கார்ந்து, கருப்பட்டி போட்ட பாயசம் குடித்தார்கள். அந்த வருடத்தில் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட நாள் அது ஒன்றுதான். எனக்கு மட்டும் பயமாக இருந்தது. வீங்காத கால் இப்போது அந்த வீட்டில் என்னுடையது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அத்தை வீட்டில் பழைய அதிகாரத்தோடு நடமாடினாள். மந்திரவாதி வேண்டாம், எல்லாருமாக மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். ஆனால் வண்டி ஏற்பாடாவதற்குள் எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் முற்றிவிட்டது. இடுப்புவரை வீங்கி, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அவளைச் சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா வடக்கே படித்தவர். ஐந்து பேரையும் பார்த்தார். என்னென்ன சாப்பிட்டோம் என்று துருவிக் கேட்டார். எண்ணெய் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பா பெருமையோடுதான் ஆரம்பித்தார், சொந்த நிலத்துக் கடுகு என்று. டாக்டரம்மா செடியைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அப்பா வண்டியிலேயே ஊருக்குப் போய், மேட்டில் மிச்சமிருந்த பச்சைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா தண்டைக் கிள்ளி, கசிந்த மஞ்சள் பாலை அப்பாவுக்குக் காட்டினார். "கடுகில் இப்படிப் பால் வராது. முள்ளும் இருக்காது. வடக்கே கடுகு எண்ணெயில் இதன் எண்ணெய் கலந்துபோய், தெருத்தெருவாக இதேபோல வீங்கியிருக்கிறார்கள். இனிமேல் ஒரு சொட்டு தொடக்கூடாது." பிறகு அத்தையின் கட்டிலைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா மட்டும் ஏன் இவ்வளவு சாப்பிட்டார்கள்?" என்று கேட்டார். அப்பா கையில் மஞ்சள் கறையோடு நின்றார்.

அம்மாதான் அத்தையிடம் போய்ச் சொன்னாள். செய்வினையும் இல்லை, செத்தவர்களும் இல்லை, எண்ணெய்தான் என்று. அத்தை கூரையைப் பார்த்தபடி, "அப்பம்னா நான் அத தின்னிருக்க வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சரிபார்க்கிறவள் மாதிரி சொன்னாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிரு பிள்ளே, நான் இல்லன்னு. மறந்திராத" என்றாள்.

மூச்சு நின்றது அதற்கு அடுத்த நாள். மற்றவர்களுக்கு எண்ணெயை நிறுத்தியதும் வீக்கம் மெல்ல வடிந்தது. அம்மாவின் பார்வை மட்டும் பழையபடி திரும்பவில்லை.

ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வீக்கம் எல்லாருக்கும் வடிந்து, அவள் ஒருத்தி மட்டும் செத்துப்போனாளா? அப்படியென்றால் வைத்த செய்வினை வைத்தவளுக்கே திரும்பிவிட்டது. மந்திரவாதிக்கு அதற்குப் பிறகு நல்ல கிராக்கி. கருமாதி முடிந்த அன்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது: "அவ்வோ தெருவுல சொல்லச் சொன்னாவளே, எப்பம் சொல்லப் போறிய?"

அப்பா தலையைத் தூக்கவில்லை. "சொன்னா நான் எப்படிட்டி வெளிய எறங்கி நடப்பேன்? அக்காளுக்கு வெஷம் வச்சவன்னுல்லா சொல்லுவானுவ."

அவ்வளவுதான். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. பரணியைப் பேதி மேட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, செடிகளை எல்லாம் அப்பா தீ வைத்து எரித்தார். மறுவருடம் தோண்டிய இடத்தில் இன்னும் அடர்த்தியாக முளைத்தது. வெட்டிப் புரட்டிய மண்தான் அதற்குப் பிடிக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? அப்பா இருந்தவரை வீட்டில் அத்தையின் பேச்சு எழாது. அவர் போனபிறகும் அம்மாவுக்காக நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவும் போனபிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் பழைய எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தேன். என் வயதுதான், சேர்ந்து பாண்டி விளையாடியவள். கையில் கம்பு, பக்கத்தில் பேத்தி. என்னைக் கண்டதும் சந்தோஷம் தாங்காமல் பேத்தியை இழுத்து நிறுத்தினாள். "நான் சொல்லுவேன்லா மக்களே, வீட்டோட எல்லாருக்கும் செய்வினை வச்சு, கடைசில தனக்கே திரும்பிச் செத்துப்போன பொம்பளன்னு. அவ இவளுக்க அத்தையாக்கும்." மனதில் துளி விஷமம் இல்லாமல், ஊர்க் கோயிலுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் அவளை விடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துச் செடியிலிருந்து சொன்னேன். மஞ்சள் பூ, முள், பரணி, அத்தையின் நேர்ச்சை, சிரட்டைக் கரண்டி, டாக்டரம்மா கேட்ட கேள்வி எல்லாம். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கம்பை ஊன்றி நிமிர்ந்தாள்.

"அப்பம், வெஷம் வச்சது உனக்க அப்பாவா?" என்று கேட்டாள்.

பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். அப்பா எதற்காகச் சாகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அந்த வார்த்தை எனக்கு நேரே வந்து நின்றது. பட்டாளத்து மீசையும், பரணியைத் தூக்கிவந்த அன்றைய முகமும் ஒரு கணம் தெரிந்தன.

"ஆமா" என்றேன். "தெரியாமத்தான் வச்சாரு. ஆனா அவருதான். அத்தை இல்ல."